பின்னால் வரும் படகு ஏன் ஆடுகிறது?

கேள்வி: அண்ணா, இரட்டை எஞ்சின் மாட்டிய எங்கள் மீன்பிடிப் படகை ட்ரெய்லரில் ஏற்றி, பக்கியில் (பிக்கப் வண்டியில்) மாட்டி, டர்பனிலிருந்து ஷெல்லி பீச்சுக்கு இழுத்துப் போகிறோம். என்2 சாலையில் தொண்ணூறைத் தொட்டாலே ட்ரெய்லர் இடமும் வலமுமாக ஆடுகிறது. டயர் எல்லாம் புதிது. என்ன செய்வது?
— வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, டயரை அப்புறம் பார்க்கலாம். பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு எஞ்சின் ஏற்கெனவே பின்னால் தொங்குகிறது. ஐஸ் பெட்டியையும் பெட்ரோல் கேனையும் அங்கேயே அடுக்கினால் ட்ரெய்லரின் மூக்கு, அதாவது பக்கியில் மாட்டும் முன்முனை, லேசாகிவிடும். அப்புறம் ஆடத்தான் செய்யும். 25 லிட்டர் கேன் ஒன்றே 18 கிலோவுக்கு மேல்!

வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினை எடுத்து வாருங்கள். கடலுக்குப் போகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, சமதரையில் சக்கரங்களுக்கு அடை கொடுத்துவிட்டு ட்ரெய்லரைக் கழற்றுங்கள். மெஷின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, பக்கியில் மாட்டியிருக்கும் அதே உயரத்தில் மூக்கை அதன்மேல் இறக்குங்கள். படகும் ட்ரெய்லரும் சேர்ந்து 1,000 கிலோ என்றால் 100ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 40, 50தான் காட்டுகிறதா? பெட்டிகளை முன்னே நகர்த்துங்கள். அதுவும் போதாவிட்டால், ட்ரெய்லரின் முன்னால் படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச் நிற்கும் கம்பத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் படகையே முன்னால் இழுக்கலாம். ஆனால் எஞ்சின் மாட்டிய பின்பலகைக்கு அடியில் ட்ரெய்லரின் தாங்கல் இருந்தே ஆக வேண்டும். பக்கியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் டோபாரில் எழுதியிருக்கும் எடையையும் மூக்கு பாரம் தாண்டக் கூடாது.

வழியில் ஆடத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஆற்றுப் பாலங்களில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும். பாலம் வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, ட்ரெய்லரின் அனுமதித்த மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனி பிரேக் வேண்டும், ஓட்டுபவருக்கு கனமான ட்ரெய்லர் இழுப்பதற்கான ஈபி (EB) லைசென்ஸும் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, தம்பி. பின்னால் குடும்பங்கள் வருகின்றன.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஷெல்லி பீச் போய்ச் சேர்ந்த கையோடு ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்காதீர்கள். சக்கரத்தின் நடுவே பேரிங் இருக்கும் ஹப் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடான ஹப் கடல் தண்ணீரில் சட்டென்று குளிர்ந்தால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி சீல் வழியாக உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கிரீஸ் பால் நிறமாக வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த பேரிங்கோடு ஊர் திரும்பாதீர்கள். ஹப் ஆறட்டும். அதற்குள் விளக்கு பிளக்கைக் கழற்றுவது, பின்பக்கப் பட்டைகளை அவிழ்ப்பது எல்லாம் முடிந்துவிடும். வின்ச் கொக்கியை மட்டும் படகு தண்ணீரில் மிதக்கும்வரை கழற்றாதீர்கள்.