உண்டியலை யார் திறப்பது?

வணக்கம் ஐயா,

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளை உண்டியலில் காசு போடவைப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனதில் இரக்கம் ஊறாமல் கை மட்டும் கொடுத்துப் பழகினால் அது வெறும் சடங்காகிவிடாதா? ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன விளங்கும்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரக்கம் வந்த பிறகு கொடுக்கலாம் என்று யூத மரபு காத்திருப்பதில்லை. 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ், ஒரே ஆளுக்கு ஆயிரம் பொற்காசை மொத்தமாகக் கொடுப்பதைவிட ஒவ்வொன்றாக ஆயிரம் முறை கொடுப்பதே மேல் என்கிறார். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் ஈகை குணமாக ஊறும் என்பது அவர் கருத்து. குழந்தை வளர்ப்பில் இதைவிடப் பயனுள்ள பேச்சு குறைவு என்றே நினைக்கிறேன்.

செதாக்கா என்னும் அறக்கொடைக்கான அந்த உண்டியலில், ஷபாத் என்னும், வெள்ளி மாலை தொடங்கும் வார ஓய்வு நாளுக்கான விளக்கேற்றுவதற்குச் சற்று முன் காசு போடுவார்கள். விளக்கைப் பெரும்பாலும் சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போது ஏற்றுவார்கள். ஷபாத் தொடங்கிவிட்டால் பணத்தைத் தொடக்கூடாது. அதனால் வேளை தவறாது.

வழக்கம் கெடுவது இரண்டு இடங்களில். அந்த நேரத்தில் அப்பா சட்டைப்பையிலிருந்து நாணயம் எடுத்துக் கொடுத்தால், பிள்ளைக்கு அது ஓட்டையில் காசு போடும் விளையாட்டு. கைச்செலவுக்குத் தரும் பணத்திலிருந்து அவனே எடுக்கட்டும். பத்தில் ஒரு பங்கு என்பது பழைய அளவு: 50 ரூபாய் என்றால் 5. உணர்ச்சிவசப்பட்டு முழுவதையும் போட்டுவிட்டு மறுநாள் ஏங்கும் பிள்ளையும் உண்டு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்கிறது தால்முத் என்னும் யூதச் சட்ட நூல். அடுத்தது, பெரிய உண்டியல். அது நிரம்புவதற்குள் பிள்ளை மறந்துவிடுவான். இரண்டு மாதத்தில் நிரம்பும் அளவில் வாங்குங்கள். அவனே திறந்து, எண்ணி, யாருக்கு என்று முடிவு செய்யட்டும். ஏழு வயதில் விளங்குவது அந்த நாளில்தான்.

கொடுக்கும் விதம் இன்னும் முக்கியம். மைமோனிடீஸ் வகுத்த எட்டுப் படிகளில் கடைசிப் படி, மனமில்லாமல் கொடுப்பது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. முதல் படி, வேலையோ கடனோ கொடுத்து, இனிக் கையேந்தத் தேவையில்லாமல் செய்வது. உடன் படிக்கும் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினால் ஆசிரியர் வழியாகக் கொடுங்கள். தயவுசெய்து படம் எடுக்காதீர்கள். பிறரைப் பலர் முன் கூசவைப்பது ரத்தம் சிந்துவதற்குச் சமம் என்று தால்முத் சொல்கிறது.

காசே வேண்டாத பாடங்களும் உண்டு. வளர்க்கும் பிராணிக்குத் தீனி வைக்காமல் நாம் சாப்பிடக்கூடாது. நான்கு வயதிலேயே இதைத் தொடங்கலாம்.

பிள்ளையை மன்னிப்பு கேட்கவைப்பதில்தான் பெற்றோர் அவசரப்படுகிறார்கள். மனிதருக்கு மனிதர் செய்த தவறு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை, யூதர்கள் பாவமன்னிப்பு வேண்டும் நாளான யோம் கிப்பூரின் நோன்பாலும் நீங்காது. பொருள் சேதம் என்றால் ஈடு கொடுத்துவிட்டு, அதன் பிறகும் போய்க் கேட்க வேண்டும். ஆகவே உடைத்த பென்சிலுக்கு வேறு பென்சில் முதலில்; "மன்னிச்சிடு" அப்புறம். மறுத்தால் மூன்று முறை வரை போகச் சொல்கிறார் மைமோனிடீஸ். அதற்கு மேல் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் ஒதுக்க வேண்டாம். தர்மம் வாங்கி வாழ்பவரும் அதிலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும் என்பது தால்முத் விதி. அவர்கள் உண்டியலில் ஒரு ரூபாய் விழுந்தாலும் போதும்.