ஒரே ஆல்பம், இரண்டு லேபிள்

கேள்வி: பார்லஃபோன் நிறுவனத்தின் பிரிட்டிஷ் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு) ஒன்றின் இரண்டு பிரதிகள் என்னிடம் உள்ளன. இரண்டிலும் 1963 என்றே அச்சாகியிருக்கிறது. ஒன்றின் லேபிளில், அதாவது தட்டின் நடுவிலுள்ள வட்டத் தாளில், கறுப்புப் பின்னணியில் நிறுவனப் பெயர் மஞ்சள் நிறத்திலும், மற்றதில் எல்லா எழுத்துகளும் வெள்ளி நிறத்திலும் உள்ளன. எது பழையது?

பதில்: மஞ்சள்தான் பழையது. லேபிளில் காணும் ஆண்டு அந்தப் பதிவு முதன்முதலில் வெளியான ஆண்டே தவிர, உங்கள் கையிலுள்ள தட்டு தயாரான ஆண்டு அல்ல. பத்தாண்டுகள் கழித்துத் தயாரித்தாலும் அதே எண்தான் இடம்பெறும். பார்லஃபோன் 1963இன் முற்பகுதிவரை பொன்னிற எழுத்தைப் பயன்படுத்திவிட்டு, அவ்வாண்டிலேயே மஞ்சளுக்கு மாறியது. அதனால்தான் 1963 மார்ச்சில் வெளிவந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பத்தில் பொன்னிற லேபிள் கொண்ட பிரதிகளைச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். வெள்ளி எழுத்து 1969இல் வந்தது. அதில் பார்லஃபோனின் தாய் நிறுவனமான 'ஈ.எம்.ஐ.'யின் பெயர் கொண்ட கட்டம் ஒன்றே இருந்தால் அது அந்த மாற்றத்தின் தொடக்க காலத்தது. இரண்டு கட்டங்கள் இருந்தால் அதற்குப் பிந்தியது. இரு கட்ட லேபிள் நெடுங்காலம் புழங்கியதால், அடுத்து விளிம்பில் வட்டமாக ஓடும் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். அது 'தி கிராமபோன் கம்பெனி லிமிடெட்' என்று தொடங்கினால் ஏறத்தாழ 1973க்கு முந்தியது, 'ஈ.எம்.ஐ. ரெக்கார்ட்ஸ் லிமிடெட்' என்றிருந்தால் அதற்குப் பிந்தியது. என்னைக் கேட்டால், நிறத்தைவிட இந்த விளிம்பு வரியே நம்பகமான சாட்சி.

கேள்வி: அமெரிக்க கேப்பிட்டல் தட்டுகளில் கறுப்பு லேபிளைச் சுற்றி வானவில் வளையம் இருந்தால் அவை 1960களைச் சேர்ந்தவை என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. 1969இல் அந்த வடிவத்தைக் கைவிட்டு வெளிர்பச்சைக்கும், பின்னர் ஆரஞ்சு, ஊதா நிறங்களுக்கும் மாறிய கேப்பிட்டல், 1983இல் வானவில்லை மீண்டும் கொண்டுவந்தது. புதிய லேபிளில் விளிம்பு எழுத்துகள் வண்ண வளையத்தின் மீதே அச்சாகியிருக்கும். பழையதில் அப்படி இராது. உண்மையான பழைய லேபிள்களுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு: 1962வாக்கில் நிறுவனச் சின்னம் இடப்பக்கத்திலிருந்து மேற்பகுதிக்கு நகர்ந்தது.

கேள்வி: லேபிளுக்கு அப்பால் வேறு தடயம் உண்டா?

பதில்: உண்டு. பாடல் முடிந்தபின் லேபிளைச் சுற்றி வரும் வழவழப்பான பகுதியை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அக்காலத்து ஈ.எம்.ஐ. தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண், அதாவது தட்டின் அந்தப் பக்கத்துக்கான அடையாள எண், இருக்கும். அதை 6 மணித் திசையில் வைத்துப் பார்த்தால், கடிகாரத்தில் 3 மணி இருக்கும் திசையில் ஓரிரு ஆங்கில எழுத்துகள் தனியே பொறிக்கப்பட்டிருக்கும். அது ஸ்டாம்பர், அதாவது தட்டை அழுத்திய உலோக அச்சின் வரிசை எண். ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5, பி 6 எனக் 'கிராமபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கமான பத்து எழுத்துகளை எண்களாக்கியிருந்தார்கள். ஆகவே 'ஆர்பி' என்றால் இருபத்தாறாவது அச்சு. சிறிய எண் பெரும்பாலும் முந்திய பிரதியைக் காட்டும். ஆயினும் இதுவும் வரிசையைத்தான் சொல்லும், தேதியைச் சொல்லாது. மீந்த பழைய லேபிள்களைத் தொழிற்சாலைகள் தீரும்வரை பயன்படுத்தியதும் உண்டு என்பதால், நிறமாற்றத்தின் எல்லையில் சில மாதங்கள் முன்பின்னாக இருக்கக்கூடும். மஞ்சளைப் பார்த்தவுடன் 'முதல் பதிப்பு' என்று விலை கூட்டும் விற்பனையாளர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: உறையை வைத்துக் கணிக்கலாமா?

பதில்: துணைக்கு மட்டும். உறைகள் தனியாக அச்சானவை. கைமாறும்போது தட்டும் உறையும் இடம்மாறிப் போவது வழக்கம்.