கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் ஏன் ஆறவில்லை?

கேள்வி: என் கணவருக்கு வயது 63. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன் வலது மார்பில் சுரீரென்று வலி. இதயக் கோளாறோ என்று பயந்து ஈ.சி.ஜி. எடுத்தோம், ஒன்றும் இல்லை. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதே இடத்தில் கொப்புளங்கள். வெந்நீர்ப் பை சுட்டுவிட்டது என்று நினைத்து, களிம்பு பூசியே நான்கு நாட்களைக் கடத்திவிட்டோம். பிறகுதான் மருத்துவர் பார்த்து, அக்கி என்றார். இப்போது கொப்புளங்கள் ஆறிவிட்டன. எரிச்சல் போகவில்லை, சட்டை உரசினாலே துடிக்கிறார். ஏன் இப்படி? அருகிலிருந்து கவனித்த எனக்கும் வருமா? எனக்கு வயது 58. எட்டு மாதப் பேரன் வரப்போகிறான், தாத்தா தூக்கலாமா?

பதில்: கேள்விகளுக்குப் போகும் முன், உங்கள் மனத்தை உறுத்துவதை எடுத்துப் போட்டுவிடுகிறேன். அந்தக் கொப்புளங்களை நீங்கள் வரவழைக்கவில்லை. அவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். முதுகெலும்பின் அருகில் தொடங்கி, விலாவை ஒட்டி வளைந்து, நெஞ்சின் நடுக்கோட்டோடு நின்றுபோகும் ஒரு கறுத்த தடம் தெரியும். வெந்நீர்ப் பை இப்படிக் கோடு பிடித்துச் சுடாது. அது ஒரே ஒரு நரம்பின் பாதை. நரம்புகள் வலம், இடம் என்று பிரிந்து ஓடுவதால்தான் அக்கி நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. ‘உடம்பைச் சுற்றி வளைத்துவிட்டால் உயிருக்கு ஆபத்து’ என்று யாராவது உங்களைப் பயமுறுத்தியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்குச் சிறுவயதில் சின்னம்மை வந்திருக்கும். அம்மை இறங்கியதும் வைரஸ் வெளியேறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது எங்கும் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் பதுங்கி, பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் கிடக்கிறது. வயது ஏறி, அதை அடக்கிவைத்திருந்த எதிர்ப்புச் சக்தி தளரும்போது விழித்துக்கொள்கிறது. நரம்பின் வழியே தோலை நோக்கி வருகிறது. வரும் வழியிலேயே நரம்பைப் புண்ணாக்குவதால், கொப்புளத்துக்குச் சில நாட்கள் முன்பே வலி வந்துவிடுகிறது. தோலில் ஒன்றுமே தெரியாத அந்த நாட்களில் இதயவலி, பித்தப்பைக் கல், தசைப்பிடிப்பு என்று மருத்துவர்களே குழம்புவதுண்டு. மார்புவலிக்கு முதலில் ஈ.சி.ஜி. எடுத்தீர்களே, அது சரியான முடிவு.

தோலில் இருப்பது காயத்தின் மேற்புறம்தான். அது இரண்டு முதல் நான்கு வாரங்களில் ஆறிவிடும். நரம்பு ஆறுவதற்கு அதன் கணக்கே வேறு. புண்பட்ட நரம்புக்கு மெல்லிய துணி உரசுவதும் நெருப்பு படுவதும் ஒன்றுதான். அவர் மிகைப்படுத்துவதாக வீட்டில் யாரும் எண்ண வேண்டாம். இந்த வலி மூன்று மாதங்களைத் தாண்டினால்தான் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்புவலி என்கிறோம். உங்கள் கணவர் இன்னும் அந்த எல்லைக்கு வரவில்லை. மெல்ல மெல்லத் தணியவே வாய்ப்பு அதிகம். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கத் தேவையில்லை.

கடையில் வாங்கும் வழக்கமான வலி மாத்திரைகள் இதற்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தை அவற்றில் சில கெடுக்கவும் கூடும். காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்புவலி மருந்துகளில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவோம். எதைத் தருவது என்பதை அவருடைய இதயம், சிறுநீரகம், புராஸ்டேட் ஆகியவற்றின் நிலை பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். இவை தூக்கத்தையும் கிறுகிறுப்பையும் தரும். இரவில் கழிப்பறைக்கு எழும்போது விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புண் முழுதாக ஆறிவிட்டதால் லிடோகெய்ன் களிம்பு அல்லது ஒட்டுப்பட்டையும் உதவும். தளர்ந்த பருத்திச் சட்டையைவிட, உடம்போடு ஒட்டி அசையாமல் இருக்கும் பனியன் சிலருக்கு இதமாக இருக்கிறது. எது ஒத்துவருகிறது என்று போட்டுப் பார்க்கட்டும்.

களிம்போடு கழிந்த அந்த நான்கு நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குற்றம் சொல்வதற்காக அல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக. அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் வலி, அதே இடத்தில் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் என்றால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். மூக்கு நுனியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால் அன்றைக்கு என்பதுகூடத் தாமதம்தான், பார்வை பறிபோகலாம். காதில் கொப்புளமும் முகம் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அப்படியே.

இனி உங்கள் விஷயம். அவரிடமிருந்து அக்கி உங்களுக்கு ஒட்டாது. 1965இலேயே இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன், தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து, அக்கி என்பது உள்ளே உறங்கிய வைரஸ் எழுவதுதான் என்று விளக்கிவிட்டார். உங்களுக்கு வந்தால், அது உங்கள் உடம்பில் இருக்கும் வைரஸால்தான் வரும். வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அக்கி வருகிறது. 50 வயதுக்கு மேல் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகிறது.

இதைத் தடுக்க உருப்படியான வழி தடுப்பூசி. நல்ல உணவும் தூக்கமும் வேண்டியவைதான், ஆனால் அவற்றை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இப்போது பரிந்துரைக்கப்படும் ஷிங்ரிக்ஸ் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் ஒரு புரதம் மட்டுமே இருக்கிறது. இரண்டு தவணை, இடைவெளி இரண்டு முதல் ஆறு மாதம். 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் பாதுகாப்பு தந்தது. ஊசி போட்ட கை வலிக்கும். ஓரிரு நாள் காய்ச்சலும் அசதியும் வரலாம். அதற்குப் பயந்து இரண்டாம் தவணையைக் கைவிடுகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. பாதி வேலிக்குள் ஆடு நுழையாதா? சிறுவயதில் சின்னம்மை வந்தது நினைவில்லை என்றாலும் நீங்கள் போட்டுக்கொள்ளலாம். அக்கி திரும்பவும் வரக்கூடும் என்பதால் உங்கள் கணவருக்கும் தேவைதான். இப்போதைய வலியை அது குறைக்காது. எப்போது போடலாம் என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

கடைசியாகப் பேரன். கொப்புளத்தில் நீர் இருக்கும்வரை, அந்த நீர் பட்டால், சின்னம்மையோ அதன் தடுப்பூசியோ காணாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கைக்குழந்தைகளும், அம்மை காணாத கர்ப்பிணிகளும் அதனால்தான் விலகியிருக்க வேண்டும். எல்லாம் பொருக்குத் தட்டிவிட்டால் தொற்று முடிந்தது. உங்கள் கணவருக்குப் பொருக்கும் உதிர்ந்துவிட்டதால் தாராளமாகத் தூக்கலாம். எட்டு மாதக் குழந்தை கையைக் காலை ஆட்டாமல் இருக்கப்போவதில்லை. வலி வலது பக்கம் என்பதால் இடது தோளில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.