ஓராண்டுக் கட்டணத்தை இப்போதே கட்டாதீர்கள்

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் ஒன்பது வயது மகன் மொபைலில் செஸ் ஆடி நிறைய ஜெயிக்கிறான். போட்டிக்குப் போனால் முதல் சுற்றிலேயே தோற்று அழுகிறான். ஆறே மாதத்தில் 1400 ரேட்டிங் உறுதி என்று ஒரு பயிற்சி மையம் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ரேட்டிங் என்பது ஆட்டத்திறனைக் காட்டும் எண். அதற்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடி, கணக்கு 1400-ஐத் தொட்டால்தான் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டியலில் பெயரே வரும். 2024 மார்ச்சிலிருந்து அதற்குக் கீழே ரேட்டிங் கிடையாது. வாசற்படியை மாடி என்று சொல்லி விற்கிறார்கள். வீரராகப் பதிவு செய்து தருகிறோம் என்று தனியாகப் பணம் கேட்பவர்களும் உண்டு. அகில இந்திய செஸ் கூட்டமைப்பின் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். நடுவில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம்.

முதல் சுற்றுத் தோல்விக்குக் காரணம் சுவிஸ் முறை. ரேட்டிங் வரிசையின் மேல் பாதியைக் கீழ் பாதியோடு மோதவிடுவார்கள். ரேட்டிங் இல்லாத பையனுக்குப் பெரும்பாலும் பலசாலிதான் எதிரே உட்காருவார். அடுத்த சுற்றுகளில் ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை மோதவிடுவதால், மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் சமமான ஆள் கிடைப்பார். நுழைவுக் கட்டணத்தைக் கறாராக வாங்குகிறவர்கள் இதை ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டினால் என்ன? எத்தனை குழந்தைகள் வீணாக அழுகின்றன!

சரி, ஆட்டம் எப்படி முன்னேறும்? மொபைலில் மூன்று நிமிட ஆட்டத்தை நிறுத்துங்கள். அது கையைப் பழக்கும், கண்ணைப் பழக்காது. ஆரம்ப நிலையில் பெரும்பாலான தோல்விகள் காயைச் சும்மா பறிகொடுப்பதால்தான் வருகின்றன. காயைத் தொடுமுன், "எதிராளி இப்போது எதை வெட்டப் பார்க்கிறான்?" என்று அவன் தன்னையே கேட்கட்டும். தினமும் லிச்செஸ் தளத்தில் இருபது நிமிடம் புதிர்கள் போடட்டும், அது முழுக்க இலவசம். வாரம் இரண்டு ஆட்டம் பலகையில் நிதானமாக ஆடி, நகர்த்தல்களை எழுதச் சொல்லுங்கள். தோற்ற ஆட்டத்தில் காய் எங்கே போனது என்று முதலில் அவனே தேட வேண்டும், கம்ப்யூட்டர் அப்புறம்.

ஓபனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்கள், மனப்பாடம் வேண்டாம். ஒன்றே ஒன்று தவிர: நாலே நகர்த்தலில் ராஜாவை மடக்கி ஆட்டத்தை முடிக்கும் நாலு மூவ் மேட்டைத் தடுப்பது. (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை.) இருவரும் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார்கள். வெள்ளை பிஷப்பை சி4-க்குக் கொண்டுவருகிறது, கறுப்பு ஆடும் உங்கள் பையன் குதிரையை சி6-ல் வைக்கிறான். வெள்ளை ராணி எச்5-க்கு வருகிறது. குறி எஃப்7 சிப்பாய், அதற்குக் காவல் ராஜா மட்டும்தான். அவசரப்பட்டு இன்னொரு குதிரையை எஃப்6-க்கு எடுத்தால் அடுத்த மூவில் மேட். ஜி6 தள்ளி ராணியை விரட்ட வேண்டும். ராணி எஃப்3-க்குப் போய் மறுபடி மிரட்டும், அப்போதுதான் குதிரை எஃப்6. ஆனால் சி6-ல் குதிரை இல்லாமல் ஜி6 தள்ளக் கூடாது. ராணி இ5 சிப்பாயை வெட்டிச் செக் கொடுத்து, மூலை யானையையும் தூக்கிவிடும். இதைப் பலகையில் பத்து முறை ஆடிப் பார்க்கட்டும்.

பயிற்சியாளர் வேண்டுமென்றால், சேர்க்குமுன் ஒரு வகுப்பில் நீங்களும் உட்காருங்கள். பையன் தோற்ற ஆட்டத்தை எடுத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். பேசினால் மாதக் கட்டணத்தில் சேருங்கள்.