டிஸ்க்கில் இடம் இருந்தும் பெரிய தரவைச் சேமிக்கும்போது கோப்பு பாதியில் நிற்கிறதே, ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பைத்தானில் சுமார் 8 ஜிபி அளவீடுகளை எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எழுதுகிறீர்கள். சின்னத் தரவு ஒழுங்காகச் சேமிக்கப்படுகிறது, பெரியது பாதியோடு நிற்கிறது. டிஸ்க்கில் 300 ஜிபி காலி.

கோடில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நின்றுபோன கோப்பின் அளவை ஜிபியில் பார்க்காமல் பைட் கணக்கில், கடைசி இலக்கம் வரை பாருங்கள். எங்கே நின்றது என்கிற அந்த எண்ணே ஏன் நின்றது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடும். கோத்தகிரியில் ஒரு விடியற்காலையைப் பறிகொடுத்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

லாங்வுட் சோலை ஓரத்தில் பறவைக் குரல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் 5 மணி முதல் மறுநாள் காலை 7 வரை. ரெக்கார்டர் 10 நிமிடத் துண்டுகளாகத் தரும். அவற்றை நம்பை (பைத்தானில் எண்களைக் கையாளும் லைப்ரரி) வழியாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரே கோப்பில் வரிசையாக எழுதினேன். நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட், ஆக மணிக்கு 34.56 கோடி பைட். எழுதி முடித்துக் கேட்டால் ராத்திரி முழுக்கத் தவளைகள் இருக்கின்றன, இலையில் மழை சொட்டுவது இருக்கிறது. சீகாரப் பூங்குருவி மட்டும் இல்லை. நான் மலையேறிப் போனதே இருட்டு விலகும் முன் அது அடிக்கும் சீழ்க்கைக்காகத்தான். பதிவு காலை 5 மணி 25 நிமிடத்தில் அறுந்திருந்தது.

கோப்பின் அளவு 4,294,967,295 பைட். ஒற்றைப்படை எண்! மாதிரிக்கு 2 பைட் என்றால் அப்படி வரவே கூடாது. கடைசி மாதிரி பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. 2-இன் 32ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் வரும் எண் இது. எஃப்ஏடி32 என்கிற பழைய முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க் ஒரு கோப்பின் அளவை 32 பிட்டில்தான் குறித்துவைக்கும், அதற்கு மேல் கோப்பு வளராது. எத்தனை ஜிபி காலி என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பைத்தான் எர்ரரைச் சொல்லத்தான் செய்தது. எர்ரர் வந்தால் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று ட்ரை-எக்ஸெப்ட் போட்டு அதை மூடிவைத்தவன் நான். ரெக்கார்டரின் மெமரி கார்டையும் அதற்குள் அழித்துவிட்டேன். அந்த விடியற்காலை போனது போனதுதான்.

உங்கள் கோப்பும் இதே எண்ணில் நின்றிருந்தால் தரவை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு டிஸ்க்கை மறுபடி ஃபார்மேட் செய்யுங்கள். எக்ஸ்ஃபேட் என்கிற ஃபார்மேட்டே போதும் என்பார்கள். நான் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ட்4 தான் சொல்வேன். எழுதும்போது கரண்ட் போனால் டிஸ்க்கின் கணக்குக் குழம்பாமல் காக்கும் ஜர்னல் எக்ஸ்ஃபேட்டில் இல்லை.

2,147,483,647-ஐ (2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது 2 ஜிபி) ஒட்டி நின்றிருந்தால் குற்றவாளி டிஸ்க் அல்ல, கோப்பின் வடிவமோ எழுதும் லைப்ரரியோதான். மேட்லேப் என்கிற கணக்கீட்டு மென்பொருளின் வழக்கமான மேட் கோப்பு, 2 ஜிபியைத் தாண்டிய ஒரு மாறியை ஏற்காது, 7.3 வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அறிவியல் தரவுக்கான நெட்சிடிஎஃப் கோப்பின் பழைய வடிவத்திலும் 2 ஜிபி தொல்லை உண்டு.

இரண்டும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்ணில் நின்றால்? மெமரி தீர்ந்திருக்கலாம், கேபிள் ஆடியிருக்கலாம், கரண்ட் போயிருக்கலாம். கோத்தகிரியில் ஐப்பசி மழைக்கு ஒரு கற்பூர மரம் லைனில் சாய்ந்தால் எங்கள் தெரு இருட்டாகிவிடும். அப்படி ஒரு ராத்திரியில் எழுதிக்கொண்டிருந்த ஹெச்டிஎஃப்5 (பெரிய தரவுக்கான ஒரு கோப்பு வடிவம்) கோப்பு, பல ஜிபி இருந்தும், மறுநாள் திறக்கவே இல்லை. ஒழுங்காக மூடப்படாத ஹெச்டிஎஃப்5 கோப்புக்கு அந்த ஆபத்து உண்டு. அன்றிலிருந்து ஒரு ராத்திரிக்கு ஒரே பெரிய கோப்பு என்பதை விட்டுவிட்டேன். மணிக்கு ஒரு கோப்பு. முதலில் தற்காலிகப் பெயரில் எழுதுவேன். மெமரியில் தேங்கியதை டிஸ்க்கில் இறக்கும் ஃப்ளஷ், எஃப்சிங்க் கட்டளைகள் இரண்டும் கொடுத்து மூடுவேன். கடைசியில்தான் சரியான பெயருக்கு மாற்றுவேன். சரியான பெயரில் இருக்கும் கோப்பு முழுசாக இருக்கும். கரண்ட் போனால் இழப்பது அதிகம் போனால் ஒரு மணி நேர வேலை.

இன்னொன்று: எண்களை டெக்ஸ்டாக எழுதும் நம்பையின் சேவ்டெக்ஸ்ட் வைத்து எழுதுகிறீர்களா? மெமரியில் 8 பைட் பிடிக்கும் ஓர் எண் சேவ்டெக்ஸ்டின் இயல்பான அமைப்பில் சுமார் 25 எழுத்தாக விரியும். 10 கோடி எண்கள் 80 கோடி பைட்டுக்குப் பதில் 250 கோடி பைட் பிடிக்கும், நேரமும் ஏகத்துக்கு இழுக்கும். பெரிய தரவுக்கு டெக்ஸ்ட் வேண்டவே வேண்டாம். சென்சார் 16 பிட்டில் அளந்ததை ஃப்ளோட்64 (64 பிட் தசம எண்) ஆக்கிச் சேமிப்பதும் அநாவசியம்.

எப்படிச் சேமித்தாலும் மூலத்தை அழிக்கும் முன் கோப்பைத் திரும்பத் திறந்து, எத்தனை மாதிரி வந்திருக்க வேண்டும், எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் இப்போது எஸ்ஹெச்ஏ256 மதிப்பையும் (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிடாமல் கார்டைத் தொடுவதில்லை.

உங்கள் கோப்பின் பைட் எண்ணையும் டிஸ்க் எந்த ஃபார்மேட் என்பதையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.