வக்கீல் வீட்டு அலமாரியை மொத்தமாக வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஊரில் காலமான மூத்த வழக்கறிஞர் ஒருவரின் புத்தகங்களை வீட்டார் விற்கிறார்கள். சுமார் 160 புத்தகங்கள், மொத்தமாக 28,000 ரூபாய் கேட்கிறார்கள். புகழ்பெற்ற வழக்குகள், நீதிபதிகளின் தன்வரலாறுகள் ஆகியவற்றைச் சேர்த்து வருகிறேன். இரண்டு புத்தகங்களில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரின் கையெழுத்து இருப்பதாகச் சொல்கிறார்கள். விலை நியாயமா? கையெழுத்து உண்மையா என்று எப்படிப் பார்ப்பது? சில புத்தகங்களில் பூச்சி அரித்திருக்கிறது. தோல் அட்டை போட்டவை தொட்டாலே கையில் செந்தூளாக ஒட்டுகின்றன.

பதில்: மொத்தமாக வாங்காதீர்கள். சராசரியாக ஒரு புத்தகம் 175 ரூபாய் என்று கணக்குப் போட்டால் மலிவாகத்தான் தெரியும். ஆனால் வக்கீல் வீட்டு அலமாரியில் பாதிக்கு மேல் தீர்ப்புத் தொகுப்புகளாக இருக்கும். இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசை 1876-இலும், மெட்ராஸ் லா ஜர்னல் 1891-இலும், ஏ.ஐ.ஆர். எனப்படும் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் 1914-இலும் தொடங்கியவை. இவற்றின் தீர்ப்புகள் இன்று கணினியிலேயே கிடைப்பதால் உதிரி வால்யூம்களைத் தேடி வாங்குபவர்கள் குறைவு. ஒரு வழக்கின் தீர்ப்பு முதலில் அச்சான வால்யூம் வேண்டுமென்றால் அதை மட்டும் எடுங்கள். மற்றவை உங்கள் அலமாரியின் இடத்தைத்தான் அடைக்கும்.

இந்திய தண்டனைச் சட்டத்தின் உரை நூல்களும் நிறைய இருக்கும். 2024 ஜூலை 1-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்ததும் இவற்றைப் பலர் எடைக்குப் போடத் தொடங்கினார்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், கடைசிப் பதிப்பு மட்டும் தொழில் செய்யும் வக்கீலுக்கு இன்னும் சில ஆண்டுகள் தேவைப்படும். சேகரிப்பவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நடுவில் வந்த பதிப்புகள் இரண்டு பேருக்குமே உதவாது. விதிவிலக்கு, ஓரங்களில் கைக்குறிப்பு நிறைந்த பிரதிகள். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஆக, உங்கள் பேரம் 160 புத்தகங்களுக்கு அல்ல, தேறக்கூடிய முப்பது நாற்பதுக்கு. அவற்றைத் தனியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லுங்கள். கையெழுத்துள்ள இரண்டையும் கடைசியில் பேசுங்கள்.

இனி கையெழுத்து. முதலில் கேட்க வேண்டியது, அது உண்மையா என்பதல்ல, யாருடையது என்பது. சட்டப் புத்தகம் வாங்கியதும் முதல் பக்கத்தில் தன் பெயரெழுதித் தேதி போடுவது வக்கீல்களின் வழக்கம். அந்த உடைமைக் கையெழுத்தை நூலாசிரியருடையது என்று நினைத்து விலையேற்றுவது இந்தச் சந்தையில் அதிகம் நடக்கும் தவறு. நூலாசிரியரின் கையெழுத்து பெரும்பாலும் தலைப்புப் பக்கத்திலோ அதற்கு முந்தைய பக்கத்திலோ இருக்கும். வேறொருவர் எழுதிய புத்தகத்தில் ஒரு நீதிபதியின் பெயர் இருந்தால், அது அவர் வைத்துப் படித்த பிரதி. ஓரத்தில் அவர் கைக்குறிப்பும் இருந்தால், வெறும் கையெழுத்திட்ட பிரதியைவிட அதையே நாங்கள் மேலாக மதிப்போம்.

அடுத்து மை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் போதும். எழுத்துக் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிந்து தெரிந்தால் அது அச்சு. முன்னுரையின் கீழே இருக்கும் கையெழுத்துகள் பலவும் இப்படி அச்சடித்தவைதான். ரப்பர் ஸ்டாம்பு என்றால் கோட்டின் நடுப்பகுதி வெளிறி, விளிம்பில் மட்டும் மை கூடி நிற்கும். மைப் பேனாவில் எழுதியது ஒரே சீராக இருக்காது. கை வேகமாகப் போன இடத்தில் வெளுத்தும், நின்று திரும்பிய இடத்தில் குளம் கட்டியும் இருக்கும். பால் பாயிண்ட் என்றால் பக்கத்தைச் சாய்த்து, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். தாளில் பள்ளமும் பின்பக்கத்தில் மேடும் தெரிய வேண்டும்.

பழைய தாளில் புதிதாக மைப் பேனா ஓட்டினால் மை நரம்பு நரம்பாகக் கசியும். மையை ஊறவிடாமல் தடுக்கும் பசைப் பூச்சு நாளாவட்டத்தில் தேய்ந்துவிடுவதே காரணம். 1955 என்று தேதியிட்ட எழுத்து இப்படிக் கசிந்திருந்தால், தாள் முதிர்ந்த பிறகு எழுதியதோ என்று சந்தேகப்படுங்கள். பால் பாயிண்ட் 1940-களின் நடுப்பகுதிக்கு முன் கடைக்கு வராத பொருள். ஜெல் பேனா 1980-களுக்கு முன் கிடையாது. கைநடுக்கத்தை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்டாதீர்கள். முதியவரின் கை நடுங்கினாலும் எழுத்தின் ஓட்டம் அறுபடாது. பார்த்து வரைபவரின் கோடுதான் நடுவே நின்று, பேனாவைத் தூக்கி, மறுபடி ஒட்டிக்கொண்டு போகும்.

மூன்றாவது, தேதியும் பதவியும் பொருந்துகிறதா என்பது. கிருஷ்ணய்யர் 1957 முதல் 1959 வரை கேரள அமைச்சர். 1968 முதல் 1971 வரை கேரள உயர் நீதிமன்ற நீதிபதி. பிறகு சட்ட ஆணைய உறுப்பினர். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. 2014 டிசம்பரில் காலமானார். ‘உச்ச நீதிமன்ற நீதிபதி’ என்ற பதவியோடு 1984-ஆம் ஆண்டுத் தேதி இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனை எல்லாருக்கும் பொருந்தும். பி.வி. ராஜமன்னார் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தது 1948 முதல் 1961 வரை. அதே பதவிப் பெயரோடு 1965 என்று எழுதியிருந்தால் எங்கோ இடிக்கிறது. தேதி பொருந்திவிட்டால், அதே பத்தாண்டில் அவர் போட்ட வேறு கையெழுத்துகள் இரண்டு மூன்றையாவது பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முப்பது வயதில் போட்ட கையெழுத்தை எண்பது வயதுக் கையெழுத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கையெழுத்துள்ள தாள் பிற்காலத்தில் ஒட்டப்பட்டதா என்று பார்ப்பதற்கும் ஒரு வழி உண்டு. இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தாளுக்கு வெண்மையூட்டும் வேதிப்பொருள் ஏறத்தாழ 1950-க்குப் பிறகே வந்தது. அது கலந்த தாள் நீலமாக ஒளிரும். 1940-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் கையெழுத்துத் தாள் மட்டும் ஒளிர்ந்தால் வெளியிலிருந்து வந்த தாள் அது.

‘இன்னாருக்கு அன்புடன்’ என்று பெயர், ஊர், தேதி போட்ட பிரதியைச் சிலர் வேண்டாம் என்பார்கள், பெயர் வேறொருவருடையது என்பதால். சட்ட நூல்களைப் பொறுத்தவரை எங்கள் கருத்து நேர்மாறு. அந்தப் பெயர் புத்தகத்தை விற்கும் குடும்பத்து வக்கீலுடையதாகவே இருந்தால், புத்தகம் வந்த வழிக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வீட்டாரிடம் விற்பனைச் சீட்டு ஒன்று வாங்கி, நகலைப் புத்தகத்தோடு வையுங்கள்.

தமிழ்ப் புத்தகங்கள் இருந்தால் அவசரப்படாமல் பாருங்கள். முன்சீப்பாக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையான சதர் நீதிமன்றத் (அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைத் தமிழில் தந்த ‘சித்தாந்த சங்கிரகம்’ 1862-இல் வந்தது. அதுவே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்த வழியில் வந்த சட்டக் கையேடுகள், கொலை வழக்கு விசாரணைப் பிரசுரங்கள் போன்றவை மெல்லிய காகித அட்டையோடு தடித்த வால்யூம்களுக்கு இடையே செருகிக் கிடக்கும். அலமாரியிலேயே அரிதானது அதுவாக இருக்கலாம். ஆண்டு அச்சிடாதவை உண்டு, விலையைப் பாருங்கள். ரூபாய், அணா என்றால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். முகவரியில் ஆறிலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பின். ணை, லை, னை ஆகியவற்றில் துதிக்கைபோல் வளைந்த பழைய கொம்பு இல்லாவிட்டால், பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்குப் பிந்தைய அச்சு. பெரியார் இயக்க வெளியீடுகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே 1930-களிலேயே புதிய எழுத்து வந்துவிட்டது. ‘1990 முதற்பதிப்பு’ என்று ஒன்றைக் காட்டினால் பின்னட்டையைத் திருப்புங்கள். பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். 2007-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அது இருந்தால் மறு அச்சு.

நீதிமன்ற நூலகம், வக்கீல் சங்க நூலகம் இவற்றின் முத்திரை உள்ள புத்தகத்தில் ‘கழிக்கப்பட்டது’ என்ற முத்திரையும் சேர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் இரவல் வாங்கித் திருப்பாததாக இருக்கலாம். சங்கத்துக்கே திருப்பித் தரும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். தெரிந்தே வாங்கினால் திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றம் உங்கள் மேல் வரும். அலமாரியில் வழக்குக் கட்டுகள் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அவை கட்சிக்காரர்களின் இரகசியம். அந்த வக்கீலின் ஜூனியர்களிடம் ஒப்படைப்பதே முறை.

செந்தூள் விஷயம். பதப்படுத்திய தோல் காற்றிலுள்ள அமில வாயுக்களால் சிதைந்து பொடியாவது அது. பழைய சட்ட வால்யூம்களுக்கு அதிகம் பயன்பட்ட ஆட்டுத்தோல், கன்றுத்தோலுக்கு இது பொதுவான நோய். முழுதாகக் குணமாக்க முடியாது. பொடி உதிர்வதை நிறுத்தலாம். 100 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 2 கிராம் ஹைட்ராக்சிபுரோபைல் செல்லுலோஸைத் தூவி இரவு முழுக்க ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தோலில் மட்டும் தடவுங்கள். தோல் சற்றுக் கறுக்கும் என்பதால் முதலில் ஓரத்தில் ஓர் அங்குலம் தடவிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் இரண்டும் வேண்டாம். தாளில் இறங்கிக் கறையாகிவிடும்.

பூச்சியில் இரண்டு வகை. தாளின் மேற்பரப்பைச் சுரண்டியதுபோல் தின்றிருந்தால் ராமபாணப் பூச்சி. ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளையும் மாவுபோல் தூளும் இருந்தால் வண்டின் புழு. இரண்டுக்கும் ஒரே மருந்து: புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் வைத்து, மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் 24 மணி நேரம் வெளியே வைத்திருங்கள். உடனே பிரித்தால் தாளில் நீர் வேர்க்கும். பிறகு ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாத இடத்தில், சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளி அலமாரியை வையுங்கள். அந்துருண்டையின் ஆவி உடலுக்குக் கேடு, அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக பைண்டர். நல்ல பிரதிகள் சீரழிவது பெரும்பாலும் பைண்டிங் கடையில்தான். விளிம்பை மெஷினில் வெட்டும்போது ஓரக் குறிப்புகள் போகும். பழைய அட்டையைக் கிழித்துக் காலிகோ துணி போடும்போது அச்சக விவரமும் விலையும் போகும். பூச்சிக்கென்று மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அதிலுள்ள செம்பு, நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். ‘விளிம்பு வெட்டக் கூடாது, பழைய அட்டையைத் தூக்கிப் போடாமல் உள்ளே சேர்த்துத் தைக்க வேண்டும், பசையில் துத்தம் கூடாது’ என்ற மூன்றையும் சீட்டில் எழுதி, புத்தகத்தின் மேலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். கையெழுத்துள்ள அந்த இரண்டையும் பைண்டரிடம் கொடுக்கவே வேண்டாம். அமிலமில்லாத அட்டையில் பெட்டி செய்து வையுங்கள்.