ஓட வழி வைத்திருக்கிறீர்களா?

மேஜை விளையாட்டுப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை (ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடுவது) எட்டு மாதமாக நண்பர்களுக்கு நடத்துகிறேன். போன வாரம் அவர்களால் வெல்லவே முடியாத ஒரு டிராகனைக் கொண்டுவந்தேன். பார்த்ததும் ஓடிவிடுவார்கள், பிறகு பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வருவார்கள் என்பது என் கணக்கு. ஒருவர்கூட ஓடவில்லை. நான்கு கேரக்டர்களும் செத்துவிட்டன. இப்போது யாரும் சரியாகப் பேசுவதில்லை. தப்பு அவர்களுடையதா, என்னுடையதா? (வாசகர், கோவை)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஞாபகத்துக்கு வந்தது. புதியவர்களுக்காக 2014இல் வந்த ஸ்டார்ட்டர் செட் பெட்டியில் 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபண்டெல்வர்' என்ற கதை இருக்கிறது. அதில் தண்டர்ட்ரீ என்று ஒரு பாழடைந்த ஊர். அங்கே ஒரு கோபுரத்துக்குள் வெனம்ஃபாங் என்ற இளம் பச்சை டிராகன் குடியிருக்கிறது. கேரக்டர்கள் அங்கே போகும்போது பெரும்பாலும் மூன்றாம் லெவலில்தான், அதாவது ஆரம்ப நிலையில்தான் இருப்பார்கள். டிராகனுக்கோ 136 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற உயிர்க் கணக்கு).

முதல் தடவை நடத்தியபோது, உங்களைப் போலவே, பார்த்தால் ஓடிவிடுவார்கள் என்றுதான் நானும் நம்பினேன். டிராகன் விஷ மூச்சு விட்டது. அதற்கு ஆறு பக்கப் பகடை பன்னிரண்டு வேண்டும். பெட்டியில் இருந்தது ஒன்றே ஒன்று. லூடோ டப்பாவிலிருந்து இரண்டை எடுத்துச் சேர்த்து, மூன்று மூன்றாக நான்கு தடவை உருட்டினேன். எல்லோரும் சத்தமாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். மொத்தம் 44. என் தங்கை மகளின் மந்திரவாதிக்கு அதிகபட்சமே 20 ஹிட் பாயிண்ட். பூஜ்யத்துக்கு வந்த பிறகும் மிஞ்சிய அடி அந்த அதிகபட்சத்தை எட்டிவிட்டால் அங்கேயே சாவு என்பது விதி. இங்கே மிஞ்சியது 24. பிழைக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூட அவளுக்குக் கிடைக்கவில்லை. தன் கேரக்டர் தாளின் ஓரத்தில் வளர்ப்பு ஆந்தை ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். "அப்போ ஆந்தை என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். தப்பு உங்களுடையதுதான். ஆனால் பலமான எதிரியைக் கொண்டுவந்தது தப்பில்லை. அவர்களால் ஓடியிருக்க முடியுமா என்பதை நீங்கள் பார்க்கவில்லை.

விதிகளைப் பாருங்கள். மனிதன் ஒரு சுற்றில் 30 அடி நடக்கலாம். அடிக்கிற வாய்ப்பை விட்டுவிட்டு ஓடினால் 60 அடி. இளம் டிராகன் சும்மா பறந்தாலே 80 அடி, விரட்டிப் பறந்தால் 160. பக்கத்தில் நிற்கும் எதிரியை விட்டு விலகினால் முதுகில் ஓர் அடி வேறு. ஆடுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவார்கள். ஓடினாலும் சாவு, நின்றாலும் சாவு, நின்று அடித்தால் ஒரு வேளை அதிர்ஷ்டம் அடிக்கலாம். இப்படி யோசிப்பவர்களை முட்டாள்கள் என்று சொல்ல முடியாது. அதிலும் ஒருவன் கீழே விழுந்துவிட்டால் மற்ற மூவரும் அவனை விட்டுவிட்டு ஓட மாட்டார்கள். நல்ல நண்பர்கள் அப்படித்தான் ஆடுவார்கள்.

1974இல் தொடங்கிய இந்த ஆட்டத்தின் பழைய பதிப்புகளில் தப்பி ஓடுவதற்கு இடம் இருந்தது. 1981இன் பேசிக் விதிகளில், எதிரியைச் சந்தித்ததும் இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்ப்பார்கள். உடனே பாயலாம், தயங்கலாம், நட்பாகக்கூட இருக்கலாம். துரத்தி வரும்போது உணவைக் கீழே போட்டால், புத்தியில்லாத மிருகம் நின்று தின்ன சரிபாதி வாய்ப்பு. புத்தியுள்ளதற்குப் பொன்னைப் போட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது. எதைக் கைவிடுகிறோம் என்று ஆடுகிறவரையே முடிவு செய்ய வைக்கிறது. 2014 பதிப்பிலும் துரத்தலுக்குத் தனி விதிகள் உண்டு, ஆட்டத்தை நடத்துகிறவருக்கான டன்ஜன் மாஸ்டர் கையேட்டில். நிறைய பேர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை.

என் மேஜையில் இப்போது இப்படிச் செய்கிறேன். எல்லோரும் சேர்ந்து "ஓடுகிறோம்" என்று சொன்னால் அந்த நொடியே சண்டை வரிசையை நிறுத்திவிடுவேன். அடி கணக்கு, கட்டம் எதுவும் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: எதை விட்டுவிட்டு ஓடுகிறீர்கள்? பை, கழுதை, கேடயம், மூன்று வாரமாகச் சுமந்த பொற்காசு, எதுவானாலும் சரி. கொடுத்தால் தப்பிக்கலாம். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன். ஆட்டம் ஆரம்பித்த பிறகு சொன்னால் சலுகை மாதிரித் தெரியும்.

அடுத்து, எச்சரிக்கை. நாம் எதை வர்ணித்தாலும் ஆடுகிறவர்கள் அதை அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். "காட்டில் புலி இருக்கிறது" என்றால், புலியைக் கொல்லச் சொல்கிறார் என்றுதான் அர்த்தம். ஒரு தடவை சொன்னால் போதாது, அதுவும் வெறும் வார்த்தையில் சொன்னால் போதவே போதாது. பச்சை டிராகனிடம் குளோரின் நெடி அடிக்கும் என்று எதிரி உயிர்களைப் பற்றிய நூலான மான்ஸ்டர் மேனுவல் சொல்கிறது. இரண்டாம் தடவை வேறொரு குழுவுக்கு நடத்தியபோது, ஊர் எல்லையிலேயே "ப்ளீச்சிங் பவுடர் வாடை" என்றேன். மேஜையில் இருந்த எல்லோருக்கும் தண்ணீர்த் தொட்டி கழுவின நாள் ஞாபகம் வந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு காட்டுப்பன்றிக் கூட்டம், பெரிதும் குட்டியுமாகப் பதினொன்று, ஓடிய திசையிலேயே முகம் வைத்துச் செத்துக் கிடந்தது. உடம்பில் காயமே இல்லை. வாயில் மட்டும் பச்சை நுரை. எண்ணச் சொன்னார்கள், எண்ணிச் சொன்னேன். அதற்கப்புறம் யாரும் சாதாரணக் குரலில் பேசவில்லை.

அதோடு நிறுத்தாமல் எண்ணையும் சொல்லிவிட்டேன்: "அதன் மூச்சு சராசரியாக 42 ஹிட் பாயிண்டைப் பறிக்கும். உங்களில் பலசாலிக்கே 31தான்." எண்ணைச் சொன்னால் பயம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வாளெடுத்துப் பழகிய ஒரு கேரக்டருக்குப் பார்வையிலேயே தெரிகிற விஷயம் அது. ஆடுகிறவருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

இன்னொன்று. இந்த இரண்டாம் குழு தண்டர்ட்ரீக்கு வந்தது டிராகனுக்காக இல்லை, ரெய்டோத் என்ற ட்ரூயிட்டிடம் (இயற்கை மந்திரம் தெரிந்தவர்) ஒரு தகவல் கேட்க. வந்த காரியம் வேறாக இருந்தால், டிராகனைக் கொல்லாமல் போவது தோல்வி ஆகாது. அந்தக் கதையை எழுதியவர்களும் 136 ஹிட் பாயிண்டையும் தீர்க்கச் சொல்லவில்லை. பாதி போனதும் வெனம்ஃபாங் கோபுரத்தை விட்டுப் பறந்து போய்விடும். உங்கள் டிராகனுக்கும் இப்படி ஓர் எல்லை குறித்து வைத்திருந்தீர்களா? என் இரண்டாம் குழு சண்டையே போடவில்லை. பச்சை டிராகனுக்கு ஆட்களை ஏய்த்து அடிமைப்படுத்துவதில் ஆசை அதிகம், அதனால் அது முதலில் பேசத்தான் செய்தது. கழுதையைக் கொடுத்துவிட்டு, மாதம் ஒரு செய்தி கொண்டுவருவதாக வாக்கும் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். அந்த வாக்கு அடுத்த ஆறு வார ஆட்டத்துக்குத் தீனி போட்டது.

உங்கள் நண்பர்களுக்குப் போன் பண்ணி, "ஓட வழி வைக்காமல் விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். அவர்கள் விரும்பினால் நால்வரும் டிராகனின் கைதிகளாகக் கண் விழிக்கட்டும். வேண்டாம் என்றால் புதுக் கேரக்டர்கள் அந்த நான்கு சடலங்களையும் தேடிப் போகட்டும். எது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எனக்கு நேர்மாறான பிரச்சினை. பெரிய வில்லன் என்று ஒருவனைத் தயார் செய்தால் இரண்டே சுற்றில் முடித்துவிடுகிறார்கள். (வாசகி, திருச்சி)

பதில்: தனியாக நிறுத்தியிருப்பீர்கள். ஒரு சுற்றில் அவர்களுக்கு நான்கு முறை, அவனுக்கு ஒரு முறை. ஹிட் பாயிண்டைக் கூட்டினால் சண்டை நீளும், அவ்வளவுதான். முதிர்ந்த டிராகன்களுக்கு 2014 விதிகள் என்ன செய்தன என்று பாருங்கள்: மற்றவர்கள் முறை முடிந்ததும் குறுக்கே புகுந்து செய்ய ஒரு சுற்றில் மூன்று செயல்கள். அதில் ஒன்றை மட்டும் உங்கள் வில்லனுக்குக் கொடுத்துப் பாருங்கள். கூடவே வாசலை மறிக்க இரண்டு சாதாரண ஆட்கள்.

கேள்வி: எல்லோரும் சாகப்போகிற நேரத்தில், நடத்துகிறவர் முன்னால் வைக்கும் திரைக்குப் பின்னால் விழுந்த பகடையை மாற்றிச் சொல்லலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: நான் செய்வதில்லை. ஒரு நாள் தெரிந்துவிட்டால், அதுவரை ஜெயித்த ஜெயம் எல்லாம் சந்தேகமாகிவிடும். திரையை எடுத்துவிட்டு நடு மேஜையில் உருட்டுகிறேன். அதற்குப் பதிலாக, எதிரிக்கு என்ன வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிடுவேன். கையால் அடித்தோ ஆயுதத்தால் வெட்டியோ பூஜ்யத்துக்குக் கொண்டுவருகிறவர், கொல்லாமல் மயக்கமாக்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த உரிமை எதிரிக்கும் உண்டு. பணயக்கைதி தேடும் கொள்ளைத் தலைவன் ஏன் கொல்லப்போகிறான்? போன மாதம் என் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: "பூசாரி உயிரோடு வேண்டும். மற்றவர்கள் ஓடினால் துரத்தாதே." மூன்று பேர் ஓடினார்கள். பூசாரி கேரக்டரை ஆடியவர் அடுத்த ஞாயிறு மற்றவர்களுக்கு அரை மணி முன்பே வந்து, சிறையில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.